அண்ணனோட பிளாஸ்டிக் கவரும் ஆறாவது கார்டும்

எங்க வயலுக்கு டிராக்டர் ஓட்டுற அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் சட்டைப் பைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ரேஷன் கார்டோட ஜெராக்ஸ், ஓட்டர் ஐடி, மீனவர் கூட்டுறவு சங்கத்து அட்டை, கடலோர மீனவர்களுக்கு மத்திய அரசு கொடுத்த பயோமெட்ரிக் அட்டை, ஆதார். ஆக மொத்தம் அஞ்சு. ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வெச்சிருப்பார். சேத்துல இறங்கும்போது கவரை எடுத்து வரப்புல இருக்கிற சோத்து டப்பாவுக்குள்ள வைப்பார்.

"சுனாமிக்கு அப்புறம் வந்த பழக்கம் தம்பி. வூட்ல வெச்சா தண்ணி எடுத்துனு பூடும்" என்பார்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்துல ஒரு குப்பம். நாங்க மீஞ்சூர் தாண்டி இருக்கோம். கொசஸ்தலை ஆத்துல மீனும் இறாலும் குறையக் குறைய, 2021-லிருந்து உழவு நேரத்துக்கு மட்டும் எங்க ஊருக்கு வந்து போய்க்கிட்டிருந்தார். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து முகத்துவாரம் முழுக்கப் படிஞ்சதே, அதுக்கப்புறம் குடும்பத்தோட இங்கேயே ஒரு வீடு வாடகைக்கு எடுத்துட்டார்.

இந்த வருஷம் சம்பா அறுவடை முடிஞ்சு மூட்டை ஏத்திக்கிட்டுப் போகும்போது ரோட்டுல வண்டியை நிறுத்தி செக் பண்ணினாங்க. அண்ணன் கவரை எடுத்து அஞ்சு அட்டையையும் பரப்பி வெச்சார். கேட்டது அதுல எதுவும் இல்லை. லைசென்ஸ் கேட்டாங்க. இல்லாம ஓட்டினதுக்கு அவருக்கு ஐயாயிரம், இல்லாதவர் கையில வண்டியைக் கொடுத்ததுக்கு எனக்கு ஐயாயிரம். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி அதுதான் அபராதம். கட்டிட்டோம்.

பணம் போனது ஒரு பக்கம். நாலு வருஷமா என் வண்டியை ஓட்டுற மனுஷன்கிட்ட லைசென்ஸ் இருக்கான்னு நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. வழியில ஒரு சைக்கிள்காரப் பையன் மேல பட்டிருந்தா இன்சூரன்ஸ் பேச்சே எடுத்திருக்க முடியாது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மறுநாள் திண்ணையில உக்காந்து அந்தக் கவரைப் பிரிச்சோம். அஞ்சு அட்டை எப்படி அவர் கைக்கு வந்துச்சு, ஆறாவது ஏன் வரலைன்னு ஒண்ணொண்ணா பேசினோம். பேசப் பேச அது ஒரு சரித்திரப் பாடமாவே ஆயிடுச்சு.

முகாம் போட்டவங்க

கிராமத்துக்கு ஆபீஸ் வர்றதுங்கிறது புதுசு இல்லை. 'முகாம்'ங்கிற வார்த்தையே வருவாய்த்துறை வழியா நமக்கு வந்த உருதுச் சொல்தான். வெள்ளைக்காரன் காலத்துல கலெக்டரே கூடாரம் அடிச்சு ஊர் ஊரா தங்கிக் கணக்குப் பார்த்தார். பசலி வருஷம் முடியுற சமயத்துல இன்னைக்கும் தாலுகாவுல ஜமாபந்தி நடக்குது. அன்னைக்கு வந்தது முக்கியமா வரி பாக்கியைப் பார்க்கத்தான்.

ஊர் தேடி வந்த முதல் லைசென்ஸ்னு எங்க அப்பா சொல்வது சைக்கிள் லைசென்ஸை. பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். வருஷா வருஷம் பஞ்சாயத்துல காசு கட்டினா ஒரு தகர வில்லை கொடுப்பாங்க, சைக்கிள்ல மாட்டிக்கணும். கட்டாதவங்களைப் பிடிக்க ஊர் எல்லையில ஆள் நிப்பாங்க. மாட்டு வண்டிக்கும் வரி உண்டு. அந்த வில்லை உங்களுக்கு ஓட்டத் தெரியும்னு சொல்லாது. காசு கட்டியாச்சுன்னு மட்டும்தான் சொல்லும்.

அடுத்து ஓட்டர் ஐடி. போட்டோ ஒட்டின வாக்காளர் அட்டை வேணும்னு 1993-ல தேர்தல் கமிஷன் முடிவெடுத்தது, டி.என்.சேஷன் தலைமை ஆணையரா இருந்தப்போ. ஸ்கூல் வராந்தாவுல ஒரு துணியைக் கட்டி எல்லாரையும் வரிசையா உக்கார வெச்சு எடுத்தாங்க. குப்பத்துல பாதிப் பேருக்கு அதுதான் வாழ்க்கையில எடுத்த முதல் போட்டோ. அண்ணனோட அம்மா இறந்தப்போ மாலை போட்டு வைக்க அந்த அட்டையிலிருந்துதான் படத்தைப் பெருசு பண்ணினாங்களாம்.

பயத்துல வந்த அட்டை

மூணாவது அட்டைக்குப் பின்னால 2008 நவம்பர் 26 இருக்கு. மும்பையைத் தாக்க வந்த பத்துப் பேரும் கராச்சியிலிருந்து கடல் வழியா வந்தாங்க. நடுக்கடல்ல 'குபேர்'ங்கிற குஜராத் மீன்பிடிப் படகைப் பிடிச்சு, அதுல மும்பை கிட்ட வரைக்கும் வந்து, கடைசியில ரப்பர் படகுல மீனவர் குடியிருப்புப் பக்கமா கரையேறினாங்க. அன்னையிலிருந்து இந்தியாவோட கரையில இருக்கிற ஒவ்வொரு மீனவனும் 'நீ யாரு?'ங்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாச்சு.

அதுவரைக்கும் குப்பத்து ஆளுங்களை யாருன்னு கேட்டுக் கடலுக்கு அனுப்பினது கிடையாது. அப்பனோட கட்டுமரத்துல ஏறினவன் மீனவன், அவ்வளவுதான். 2009-10 வாக்குல மத்திய அரசு கடல் மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அட்டை கொடுக்கிற திட்டத்தைக் கொண்டு வந்தது. அதோட சேர்த்து, மக்கள்தொகைப் பதிவாளர் பொறுப்புல நாடு முழுக்க 3,331 கடலோரக் கிராமங்கள்ல குடியிருக்கிறவங்க விவரமும் கைரேகையும் சேகரிச்சாங்க. கம்ப்யூட்டர், கேமரா, ரேகை மெஷின் எல்லாம் குப்பத்துக்கே வந்துச்சு.

"எங்க ஆளுங்க வெரலு மெஷின்ல வீவலே தம்பி" என்று அண்ணன் சிரித்தார். வலையும் உப்பும் தேய்ச்ச விரல்ல ரேகை எங்கே இருக்கும்? நம்ம களை எடுக்கிற பொம்பளைங்க ரேஷன் கடையில படுற அதே பாடுதான். ஈரத்துணியில துடைச்சு, எண்ணெய் தடவி, நாலஞ்சு தடவை அழுத்தி எப்படியோ எடுத்தாங்களாம். வராதவங்களைத் தேடி வீட்டுக்கே ஆள் வந்துச்சாம்.

அப்புறம் ஆதார். நாட்டோட முதல் ஆதார் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவுல நந்துர்பார் மாவட்டத்துல தெம்பிளிங்கிற ஆதிவாசி கிராமத்துல கொடுக்கப்பட்டது. கடைக்கோடியிலிருந்து ஆரம்பிக்கிறோம்னு காட்டத்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாங்க. நம்ம பக்கமும் பள்ளிக்கூடத்துல முகாம் போட்டு எடுத்தாங்க. ரேஷன் அட்டையும் 2017 ஏப்ரல்லேர்ந்து ஸ்மார்ட் கார்டா மாறுச்சு.

இப்போ கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மெஷினைத் தூக்கிட்டு, கரண்ட் இல்லாத இடத்துல ஜெனரேட்டர் வெச்சு, வராதவனைத் தேடிப் போய், தேய்ஞ்ச விரலையும் துடைச்சு எடுக்க அரசாங்கத்தால முடியும். தூரம் தடையா இருந்ததே இல்லை.

லாரி பிறக்கிற ஊர்

ஆறாவது அட்டைக்கு வருவோம்.

வண்டி ஓட்ட லைசென்ஸ் வேணும்னு இந்தியா முழுசுக்கும் சட்டம் வந்தது 1914-ல. அதை மாத்தி 1939-ல ஒரு சட்டம், இப்போ நடைமுறையில இருக்கிறது 1988-ல போட்டு 1989 ஜூலையில அமலுக்கு வந்தது. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் மாறாத ஒரு விஷயம், லைசென்ஸ் வேணும்னா நீங்கதான் ஆபீசுக்குப் போகணும்.

வடசென்னைக் கரையைத் தெரிஞ்சவங்களுக்கு இதுல இருக்கிற வேடிக்கை புரியும். இந்த ஊர்லதான் வண்டிகளே பிறக்குது. 1948-ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சு எண்ணூர்ல ஆஸ்டின் கார் பூட்டினாங்க. அதுதான் பின்னாடி அசோக் லேலண்ட் ஆகி நாடு முழுக்க லாரியும் பஸ்ஸும் அனுப்புச்சு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுல என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூர்ல புல்லட் செய்ய ஆரம்பிச்சாங்க. கேபின் இல்லாத வெறும் சேசிஸ்ல ஒரு சீட்டை வெச்சு, முகத்துல துணி கட்டிக்கிட்டு டிரைவர்கள் வரிசையா ஓட்டிக்கிட்டுப் போறதைப் பார்த்து வளர்ந்தவர் அண்ணன். அப்புறம் 2001-ல எண்ணூர்த் துறைமுகம் வந்துச்சு, ரோடு முழுக்க கன்டெய்னர் டிரெய்லர். மீன் குறைஞ்ச குப்பத்துப் பையனுக்குக் கண்ணுக்கு எதிர்ல தெரிஞ்ச பிழைப்பு ஸ்டியரிங்தான்.

1996-ல லாரி கிளீனரா சேர்ந்தார். ராத்திரி வண்டி லைன்ல நிக்கும்போது டிரைவர் அண்ணன்மார் முன்னே பின்னே நகர்த்தக் கொடுப்பாங்க. ரெண்டு மூணு வருஷத்துல டிரெய்லரை ரிவர்ஸ்ல ஒடிச்சு விடுற அளவுக்குக் கை வந்துடுச்சு. ஆனா லைசென்ஸ் அப்படி வராது. முதல்ல எல்.எல்.ஆர்., அது வாங்கி முப்பது நாள் கழிச்சு கார் லைசென்ஸ், அதை வெச்சு ஒரு வருஷம் முடிஞ்சாத்தான் லாரிக்கு எல்.எல்.ஆர். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலி, சில சமயம் ரெண்டு நாள். ஒரு ஆபீசுக்குப் ரெண்டு தடவை போனார். முதல் தடவை வயசுக்கு அத்தாட்சி கேட்டாங்க. ரெண்டாவது தடவை வாசல்ல இருந்த புரோக்கர் சொன்ன தொகை அவரோட ரெண்டு மாசச் சம்பளம். காசு சேர்த்துக்கிட்டுப் போகலாம்னு இருந்தார். அதுக்குள்ள 2004 டிசம்பர் 26. அலமாரியோட பள்ளிக்கூட டி.சி.யும் கடலோட போச்சு.

டூப்ளிகேட் வாங்கி மறுபடி கிளம்பும்போது 2007 ஆயிடுச்சு. அந்த வருஷம் மத்திய மோட்டார் வாகன விதிகள்ல ஒரு திருத்தம் வந்தது. சரக்கு வண்டி, பஸ் மாதிரியான வாகனங்களுக்குப் புதுசா லைசென்ஸ் கேட்கிறவங்க எட்டாம் வகுப்பு பாஸ் பண்ணியிருக்கணும். படிச்ச டிரைவர் ரோட்டு விதியைப் படிச்சு நடப்பான்னு நினைச்சிருக்கலாம், தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அண்ணன் படிச்சது அஞ்சாவது.

"கார் லைசென்ஸ் வாங்கி நான் இன்னா பண்றது? நம்ம கிட்ட காரா கீது? அதோட வுட்டுட்டேன்" என்றார். ஆத்துக்குத் திரும்பினார்.

நான் அப்போதான் சொன்னேன், "அந்த எட்டாவது ரூலை எடுத்துட்டாங்களே அண்ணே."

அவர் நம்பலை. போன்ல தேடிக் காட்டினேன். ஹரியானாவுல மேவாத் பகுதி இளைஞர்கள் படிப்பு இல்லாததால பிழைப்புக்கு வண்டி ஓட்ட முடியலைன்னு அந்த மாநில அரசு கேட்டுக்கிட்டதுல, 2019 ஜூன்ல அந்தத் தகுதியை நீக்கப் போறோம்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிச்சது. நாட்டுல ஏறக்குறைய 22 லட்சம் டிரைவர்கள் பற்றாக்குறைன்னும் அதே அறிவிப்புல சொல்லியிருந்தாங்க. விதியும் மாறிடுச்சு.

அண்ணன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. 29 வயசுல சாத்தின கதவு 41 வயசுல திறந்திருக்கு. அவருக்குத் தெரிய வந்தது 47 வயசுல. எண்ணூருக்கும் கோட்டைக்கும் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. விரல் ரேகை எடுக்க வீடு தேடி வந்த எந்த முகாமும், 'உனக்கு இப்போ லாரி லைசென்ஸ் கிடைக்கும்'னு சொல்ல வரலை.

கடைசியா கவரைத் தட்டிக்கிட்டே சொன்னார்: "இந்த கார்டுங்க எல்லாம் நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிய. எனக்கு இன்னா தெரியும்னு சொல்ற கார்டு இதுல ஒண்ணுகூட இல்லியே தம்பி."

தேடிப் போகிற லைசென்ஸ்

வேற இடங்கள்ல எப்படி செய்யறாங்க? மகாராஷ்டிராவுல ஆர்.டி.ஓ. அதிகாரிகள் மாசத்துல குறிப்பிட்ட நாள்ல தாலுகா ஊர்களுக்கே போய் முகாம் போடுறது ரொம்ப நாளா இருக்கிற வழக்கம்.

ஆஸ்திரேலியாவோட வடக்குப் பிரதேசத்துல இன்னும் ஒரு படி மேல. அங்கே பழங்குடி மக்கள் ஊருக்கும் நகரத்துக்கும் நூத்துக்கணக்கான கிலோமீட்டர். லைசென்ஸ் இல்லாம ஓட்டி, அபராதம் கட்ட முடியாம, கடைசியில சிறைக்குப் போறவங்க இருந்தாங்க. அதனால அந்த அரசாங்கம் 'டிரைவ்சேஃப்' திட்டத்தோட ஒரு பிரிவைத் தொலைதூர ஊர்களுக்கு அனுப்புது. ஊர்லயே பாடம் நடத்துறாங்க, டெஸ்ட் வைக்கிறாங்க. பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஆள் அடையாளப் பத்திரம் இல்லாதவங்களுக்கு அதையும் வாங்க உதவி செய்யறாங்க. காகிதம் இல்லைன்னா திரும்பிப் போன்னு சொல்லாம, காகிதத்துலயிருந்தே வேலையை ஆரம்பிக்கிறாங்க.

நம்ம ஊர்லயும் ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லிட முடியாது. 2021-லிருந்து ஆதாரை வெச்சு எல்.எல்.ஆர். உள்ளிட்ட பல வேலைகளை ஆபீசுக்குப் போகாமலே முடிக்கலாம். 2024 மார்ச்லேர்ந்து தமிழ்நாட்டுல இ-சேவை மையத்துலயே எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் அட்டையும் இப்போ கையில கொடுக்கிறது இல்லை, ஸ்பீடு போஸ்ட்ல வீட்டுக்கு வருது. புரோக்கர் நிக்கிற வாசல் பாதி அடைபட்டிருக்கு. ஆனா ஆன்லைன் வந்ததும் தூரம் போயிடுச்சுன்னு நகரத்துல இருக்கிறவங்க நினைச்சா அது சரியில்லை. போன்ல வர்ற ஓ.டி.பி.யைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள், படிவத்தைப் பூர்த்தி பண்ண ஒரு ஆள், விதி மாறுனதைச் சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் இல்லாத வீட்டுக்கு இ-சேவை மையமும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் அளவுக்கே தூரம்தான்.

இந்த வருஷம்

எங்க வீட்ல அந்த ஆளா என் பொண்ணு நின்னா. பிளஸ் ஒன் படிக்கிறா. சாயங்காலம் மாட்டுக்கொட்டாய்ப் பக்கத்துல உக்காந்து சிக்னல் போர்டு படத்தை எல்லாம் அண்ணனுக்குக் காட்டுவா. ரெண்டாவது நாள் அவர் அவளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டார். "இந்த போர்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல எந்த வளைவுல கீதுன்னு சொல்லட்டா பாப்பா?" எழுத்துதான் மெதுவா வருமே தவிர, ரோடு அவருக்கு மனப்பாடம்.

நாப்பது வயசு தாண்டினவங்களுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணும். வாங்கினோம். எல்.எல்.ஆர். டெஸ்ட்டுல முதல் தடவை நேரம் போதாம ஃபெயில். ரெண்டாவது தடவை பாஸ். முப்பது நாள் கழிச்சு டிரைவிங் ஸ்கூல் காரை வாடகைக்கு எடுத்துக்கிட்டு டெஸ்ட்டுக்குப் போனோம். டிரெய்லரையே ஒடிச்ச மனுஷன், அந்தச் சின்ன காருக்குள்ள உக்காந்ததும் வலது பக்கம் கையை விட்டுத் துழாவினார். டிராக்டர்ல இருக்கிற கை ஆக்சிலரேட்டரைத் தேடியிருக்கார். எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. அப்புறம் சுதாரிச்சு நிதானமா ஓட்டி முடிச்சார்.

மொத்தம் எனக்கு நாலு நாள், அவருக்கு ஆறு நாள் கூலி. நான் பக்கத்துல இல்லாம அவர் தனியாப் போயிருந்தா எத்தனை நாள் ஆகியிருக்கும்னு கணக்குப் போட எனக்கு மனசு வரலை. இதை நான் நாலு வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும்.

அட்டை வர ரெண்டு வாரம்னு சொன்னாங்க. தினமும் போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்கு அண்ணன் தெருமுனையில நிப்பார். வரலை. பத்து நாளாச்சு. அப்போதான் எனக்கு உறைச்சது, ஆதார்ல இருக்கிறது குப்பத்து விலாசம். போஸ்ட்மேன் போனும் பண்ணலை. ரிட்டர்ன் ஆயிட்டா மறுபடி அலையணுமேன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டிருக்கும்போது, எண்ணூர்லிருந்து அவரோட அக்கா கூப்பிட்டாங்க.

"டேய், உன் மூஞ்சி போட்ட கார்டு ஒண்ணு தபால்ல வந்துகீது. கையெழுத்துப் போட்டு வாங்கி அரிசி டப்பாவுல வெச்சிருக்கேன். எதுக்குடா இது?"

நூறு வருஷமா நம்மைப் போகச் சொன்ன அந்த அட்டை, கடைசியில அதுவா குப்பத்துக்குப் போயிருக்கு. அன்னைக்கு சாயங்காலமே பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வந்தார். இன்னும் பத்து வருஷத்துக்குச் செல்லும். அடுத்த வருஷம் லாரிக்கு எழுதிப் போடலாமான்னு கேட்டார். போடலாம்னு சொன்னேன். போட்டார்னா எங்க வயலுக்கு வேற ஆள் தேடணும். தேடிக்கலாம்.

ரப்பர் பேண்ட் பழசாகி அறுந்துடுச்சுன்னு இன்னைக்குக் காலையில புதுசு ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போனார். இப்போ கவர்ல ஆறு அட்டை.